கம்ப்யூட்டருக்கு ஸ்டிக்கர் பொட்டு

சேக்காடு, ஆவடி
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் தெம்பாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நனையாமல் கொள்ளாமல் நல்லபடி இருக்கிறாயா என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் எந்நேரமும் நினைப்பு. பெர்கனில் வருஷம் முழுக்க மழை என்று நீ சொன்னதிலிருந்து இங்கே தூறல் விழுந்தாலே அம்மா "பாப்பா குடை எடுத்துக்கினு போயிருப்பாளா" என்று கேட்கிறாள், ஆவடியில் தூறினால் நார்வேயிலும் தூறும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. தினம் போனில் பேசுகிற அப்பா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். விஷயம் இருக்கிறது. போனில் நான் இதைப் பற்றி வாயைத் திறந்தாலே அம்மா பக்கத்தில் வந்து நின்று "போதும் போதும், பெரிய பெருமை" என்று போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால் அவள் உனக்குக் கட்டிக்கொண்டிருக்கிற பார்சலில், வடாம் பொட்டலத்துக்கு அடியில் இதைச் செருகி அனுப்புகிறேன். படித்ததாக அவளிடம் காட்டிக்கொள்ளாதே.

நீ காலேஜில் படிக்கும்போது ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடையாய் நடந்து ஒவ்வொரு சாமானாக வாங்கி வந்து, ஹாலில் பாய் விரித்துக் கட்டினாயே அந்தக் கம்ப்யூட்டர், அதைப் பற்றித்தான் சேதி. நீ சொல்லிக்கொடுத்த ஆல்பம் வேலையை அம்மா அதில்தான் இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிறாள், பட்டாபிராம் ஸ்டுடியோ ஜஸ்டின் கல்யாணப் போட்டோக்களை அனுப்பினால் இவள் பக்கம் பக்கமாக அடுக்கி, நிறம் சரிபார்த்து, பூ வேலைப்பாடு போட்டுத் திருப்பி அனுப்புவாள். நீ சித்திரையில் கிளம்பிப் போன பிறகு அந்த மெஷின் படுத்த ஆரம்பித்தது. ஜஸ்டின் புதுக் கேமரா வாங்கிவிட்டான், அதில் எடுக்கிற படமெல்லாம் அவ்வளவு பெரிசு, ஒரு படத்தைத் திறந்துவிட்டு அம்மா போய் ரசத்துக்குப் புளி கரைத்துவிட்டு வருவாள், அப்போதும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். பாதி நேரம் ஹேங். அப்படி நின்றுபோனால் முன்பக்கத்துப் பட்டனை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பாள், அது அணையும், மறுபடி முதலிலிருந்து. கடைசியில் ஜஸ்டினே வீட்டுக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு "அக்கா, கோச்சிக்காதீங்க, பார்ட்டிங்க எங்கிட்ட சண்டைக்கு வர்றாங்க, இந்த ஒரு ஆல்பம் பாருங்க, இதுவும் லேட் ஆச்சின்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டான். அந்த ஆல்பம் பட்டாபிராம் பெண்ணுடையது, ஆவணியில் கல்யாணம் ஆனது, மாப்பிள்ளை தலை தீபாவளிக்கு வரும்போது மாமனார் வீட்டில் ஆல்பம் இருக்க வேண்டும். நல்ல பையன்தான் ஜஸ்டின், அவனையும் குறை சொல்வதற்கில்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா, பேசாமல் கடையில் கொடுத்துவிடு, அல்லது புதிதாக ஒன்று வாங்கு என்றேன். உன் அம்மா ராஜகுமாரி என்று பெயர் வைத்துக்கொண்டு அப்படிச் சும்மா இருப்பாளா. "பாப்பா கட்டினது, உயிரோட தானே கீது, தேவையானதை மட்டும் மாத்தினா ஓடும்" என்றாள். அடுப்பு வேலை முடிந்ததும் போனை வைத்துக்கொண்டு வீடியோ வீடியோவாகப் பார்த்தாள், தமிழில் பார்த்தாள், புரியாவிட்டால் இந்தியில் பார்த்தாள், அவளுக்கு இந்தி தெரியாது என்பது எனக்கும் தெரியும், கையைப் பார்த்தால் போதுமாம். பிறகு தன் சொந்தச் சம்பாத்தியத்தில் புது எஸ்எஸ்டி டிஸ்க்கும் கூடுதல் ராமும், வேகமாகச் சுற்றுகிற விசிறி ஒன்றும் வரவழைத்தாள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் வேலையை ஆரம்பித்தாள். கவி, நான் வாழ்நாள் முழுக்க ஃபேக்டரியில் மெஷின்களோடு கிடந்தவன், நல்ல கை எது, அவசரக் கை எது என்று பார்த்ததும் தெரியும். உன் அம்மாவுடையது நல்ல கை. இட்லித் தட்டை எடுத்து வைத்துக்கொண்டாள், எந்த இடத்து ஸ்க்ரூ எந்தக் குழியில் என்று ஒவ்வொன்றாகப் போட்டாள். ஒரு வயரைக் கழற்றுமுன் போனில் ஒரு படம். ராமின் தங்கப் பல்லை ரப்பரால் துடைத்தாள். பழைய டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் புதியதில் முன்பே இறக்கி வைத்திருந்தாள். விசிறிக்கு அடியில் ஒரு பேஸ்ட் வைக்க வேண்டுமாமே, அதை மருதாணி வைக்கிற பக்குவத்தில் ஒரு பொட்டு வைத்தாள், நான் இன்னும் கொஞ்சம் வையேன் என்றதற்கு ஒரு பார்வை பார்த்தாள், வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் பெட்டி முழுவதையும் ஈரத்துணியால் துடைத்துப் பளிச்சென்று நிறுத்தினாள். எனக்கு உண்மையிலேயே கைதட்ட வேண்டும் போலிருந்தது.

ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன் என்றாள். நான்தான் விடவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது, விளக்கு வைக்கிற நேரம், நாளைக்கு எல்லாச் சாமானும் பூஜையில் உட்காருகிறது, புது உறுப்பு வைத்த மெஷினைப் பூஜை போட்டு விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் போடலாம் என்றேன். அவளும் சரி என்றாள். மறுநாள் பூஜையை எப்போதும் போல நான் கவனித்துக்கொண்டேன். ஸ்கூட்டர், தையல் மெஷின், மிக்ஸி, என் ஸ்பேனர் செட், எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக உன் கம்ப்யூட்டர். முந்தைய வருஷங்களில் அதன் பக்கம் என்னை நீ அண்டவிட மாட்டாய், "அப்பா, இதுக்கு ஸ்டிக்கர் பொட்டு போதும்" என்று உன் நெற்றிப் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டிவிடுவாய். நான் அதை இந்தக் காலத்துப் பிள்ளைகளின் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். இந்த வருஷம் நீ இல்லை, நீ ஒட்டியிருந்த பழைய பொட்டும் ஈரத்துணியோடு போய்விட்டது. ஃபேக்டரியில் எந்த மெஷினுக்கும் ஸ்டார்ட் பட்டனுக்குத்தான் முதல் பொட்டு வைப்போம், அதுதானே அதற்கு முகம். அதே பழக்கத்தில் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அழுத்தி வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

விஜயதசமி காலை நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் காட்டி, அம்மா சாமி கும்பிட்டுப் பட்டனை அமுக்கினாள். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, எங்கள் முகத்தில் சிரிப்பு வருவதற்குள் டப்பென்று அணைந்துவிட்டது. சுவரில் இருக்கிற சுவிட்சை அணைத்து மறுபடி போட்டாள், தானாகவே ஓட ஆரம்பித்து மறுபடி அதே கதை. பொரியும் சுண்டலும் வாங்கிப்போக வந்த என் பழைய ஃபேக்டரிக் கூட்டாளி வேம்புலி, உனக்கு வேம்புலி மாமா, வாயில் சுண்டலை வைத்துக்கொண்டே "போர்டு அவுட்டு மச்சான், தங்கச்சி கைய வெச்சிச்சி இல்ல, அவ்ளோதான், எடைக்குப் போட்டுடு" என்றான். அவனை நான் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அம்மா மறுபடி இட்லித் தட்டை எடுத்தாள். புது ராமைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் போட்டாள், அணைந்தது. புது டிஸ்க்கின் வயரை உருவினாள், அணைந்தது. இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றிப் பாரேன் என்றேன், "ரெண்டையும் சேத்து மாத்தினா தப்பு எதுலன்னு எப்படித் தெரியும்" என்று கேட்டாள், ஃபேக்டரியில் எங்கள் ஃபோர்மேன் இதையே தொண்டை கிழியக் கத்துவார். விசிறியைக் கழற்றித் திரும்ப மாட்டினாள். எதற்கும் அது மசியவில்லை.

அன்றைக்கு நீ போன் செய்தபோது அம்மாவுக்குத் தலைவலி, படுத்திருக்கிறாள் என்று சொன்னேனே, அது தலைவலி இல்லை கண்ணு. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், பாப்பா சொல்லிவிடுவாள் என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவள் கண்ணெல்லாம் தளும்ப "அவ ஒவ்வொண்ணா பாத்துப் பாத்துக் கட்டினது, நான் கெடுத்துட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன், நீங்களும் சொல்லக் கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஜஸ்டினிடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிடுகிறேன், இந்த வயசில் எனக்கு எதற்கு இதெல்லாம், தையலோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்றாள். ஆல்பம் போனால் போகட்டும், அந்த நாற்காலியில் உட்கார்ந்து மணப்பெண்ணின் புடவை நிறத்தைச் சரிசெய்துகொண்டே தனக்குத்தானே பாடிக்கொண்டிருப்பாளே, அந்த ராஜகுமாரி இல்லாமல் போய்விடுவாளோ என்றுதான் பயந்தேன். நீயும் இல்லாத வீட்டில் அந்தப் பாட்டும் இல்லையென்றால் எப்படி இருக்கும், நீயே சொல்.

மறுநாள் காலை டிபன் முடிந்து, ஜஸ்டினுக்குச் சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தவள், அந்தப் பெட்டிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கடைசியாக ஒரு தடவை என்று போட்டாள். அணைந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை போட்டாள். வாய்க்குள் எதையோ எண்ணுகிறாள். பிறகு என்னைக் கூப்பிட்டு "ஏங்க, ஒவ்வொரு வாட்டியும் ஒரே அளவுக்கு ஓடிட்டுத்தான் நிக்குது, கவனிச்சீங்களா, கெட்டுப்போன சாமான் இப்படியா கரெக்டா நிக்கும்? ஹேங் ஆவும்போது நான் பட்டனை அமுக்கிப் பிடிச்சா இதே மாதிரிதான் நிக்கும்" என்றாள். எனக்கு விளங்கவில்லை. அவள் எனக்காகச் சொல்லவும் இல்லை, தனக்கே சொல்லிக்கொள்கிறாள். "அப்ப இப்ப யாரு அமுக்கிப் பிடிச்சிக்கினு கீறது?" என்று கேட்டபடியே குனிந்து பட்டனைப் பார்த்தாள். பட்டன் உள்ளே போனது போனபடி உட்கார்ந்திருக்கிறது, சுற்றிலும் இடுக்கில் என் சந்தனம் காய்ந்து சிமெண்டு பூசினாற்போல் இறுகியிருக்கிறது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு ஈர்க்குச்சியும் பழைய டூத் பிரஷும் கொண்டுவந்து, அந்தச் சந்தனத்தைத் துளித்துளியாகப் பெயர்த்தாள். டக்கென்று பட்டன் வெளியே வந்தது பார், எனக்குப் போன உயிர் வந்தது. கழற்றியதை எல்லாம் நிதானமாகத் திரும்ப மாட்டிவிட்டுப் போட்டாள். அணையவில்லை கவி. கண்ணை மூடித் திறப்பதற்குள் நீ வைத்திருந்த மெரீனா படம் திரையில் வந்து நின்றது. உள்ளே அவள் வைத்த பேஸ்ட் ஒழுங்காக வேலை செய்தது, வெளியே நான் வைத்த பேஸ்ட்தான் குடும்பத்தைக் கெடுக்கப் பார்த்தது என்று நானே சொன்னேன், அதற்குப் பிறகுதான் சிரித்தாள், சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அந்த ஆல்பம் தலை தீபாவளிக்கு நிறைய நாள் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டது. ஜஸ்டின் வந்து மெஷின் ஓடுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு "இன்னாக்கா இது, ராக்கெட்டு மாதிரி கீது, யார் பண்ணிக் குடுத்தாங்க" என்று கேட்டான். அம்மா காபி ஆற்றிக்கொண்டே, வீட்டில்தான் என்று மட்டும் சொன்னாள். நான்தான் பொறுக்கமாட்டாமல் இட்லித் தட்டிலிருந்து ஈர்க்குச்சி வரை எல்லாவற்றையும் சொன்னேன், சந்தனத்தை மட்டும் சற்றுச் சுருக்கிச் சொன்னேன். ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணம் அத்தனையும் அக்காவுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். வேம்புலிக்கும் சேதி போய், அவன் வீட்டு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான், தங்கச்சி ஒரு பார்வை பார்க்கட்டுமாம். கம்ப்யூட்டருக்கு அம்மா புது ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டிவிட்டாள், பட்டனில் இல்லை, அதற்கு மேலே, நீ ஒட்டுவாயே அதே இடத்தில். நீ எதற்காக அப்படிச் செய்தாய் என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது, அப்பாவுக்கு மனசு நோகக் கூடாது, மெஷினுக்கும் கெடுதல் வரக் கூடாது என்று இரண்டையும் யோசித்திருக்கிறாய். இந்தப் புத்தி உனக்கு யாரிடமிருந்து வந்தது என்பதிலும் எனக்கு இனிமேல் சந்தேகமில்லை. அந்த அட்டையில் மீதியிருக்கிற பொட்டுகளை அம்மா உன் பார்சலில் வைத்திருக்கிறாள், ஒன்றை உன் லேப்டாப்புக்கு ஒட்டு.

வடாமை வெயில் வருகிற அன்றைக்கு ஒரு தடவை காயவைத்துக்கொள், அங்கே வெயில் என்று ஒன்று வந்தால். பருப்புப் பொடியை ஈரக் கரண்டியால் தொடாதே. ஆபீஸ் வேலை எவ்வளவு இருந்தாலும் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, அம்மாவிடம் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னால் அவளுக்குக் குரலிலேயே தெரிந்துவிடுகிறது. நீ நல்ல உடம்போடும் நல்ல மனசோடும் நூறாண்டு வாழ வேண்டும், தொட்டதெல்லாம் துலங்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கும்போது உன் பேரைச் சொல்லிக் கும்பிடுகிறோம்.

மறந்துவிடாதே, ஒரு காரியம் மட்டும் எனக்காகச் செய். அம்மா தான் செய்ததை உன்னிடம் தானாகச் சொல்ல மாட்டாள், நீ கட்டியதில் கைவைத்துவிட்டோம் என்ற கூச்சம் அவளுக்கு இன்னும் போகவில்லை. அடுத்த தடவை பேசும்போது, லேப்டாப் ரொம்ப மெதுவாகப் போகிறது, என்ன செய்யட்டும்மா என்று அவளிடம் நீயாகக் கேள். நன்றாக ஓடினாலும் பரவாயில்லை, கேள். முதலில் எனக்கு என்ன தெரியும் என்பாள். விடாமல் இன்னொரு தடவை கேள்.

அன்புடன் ஆசிகள் சொல்லும்
உன் அப்பா
எத்திராஜ்