எங்கள் தெரு கேட்ட ஓடுபாதை

அன்புள்ள மகனுக்கு,

நலம் என்று எழுதித்தானே கடிதத்தைத் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் இருமல் விட்டதா? வெந்நீர் குடி, சோம்பேறித்தனம் பண்ணாதே.

நம் ஊர் விமான நிலையத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? மழை பெய்தால் பயணிகள் உள்ளேயே குடை பிடித்துக்கொண்டு உட்காருகிற லட்சணம் உனக்குத் தெரியும். இந்தத் தடவை மக்களைக் கேட்டுத்தான் செய்வோம் என்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். சுவர் அகலத்துக்கு ஒரு வரைபடம், வீட்டுக்கு ஒரு படிவம். நல்ல கழிப்பறை, சக்கர நாற்காலி போக வழி, ஒழுகாத கூரை, நீண்ட ஓடுபாதை, இதில் எது முதலில் வேண்டும் என்று குறித்துக் காரணமும் எழுத வேண்டும்.

நம் தெருவில் எழுத்து வேலை என்றால் என்னிடம்தானே வருவார்கள். முப்பத்தெட்டு வீட்டுப் படிவமும் என் தையல் மிஷின் மேல் குவிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி, "எனக்கு ஒண்ணும் புரியலக்கா, எது நல்லதோ நீங்களே பாத்துப் போடுங்க" என்று கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் போனாள். மற்றவர்களும் அப்படித்தான். எல்லாவற்றிலும் ஓடுபாதை என்றே குறித்தேன். பெரிய விமானம் இறங்கினால் நீ இரண்டு இடத்தில் மாறி அல்லாடாமல் நேரே வரலாமே என்ற ஒரே நினைப்பு. காரணம் என்ற இடத்தில் ஊர் நன்மைக்கு என்று கை கூசாமல் எழுதினேன்.

எந்தப் பக்கம் நீட்டுவார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பக்கம் அத்தனை தரிசு கிடக்கிறதே, அங்கேதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். படத்தில் இந்தப் பக்கம் வெறும் பச்சையாக இருந்தது. புல் என்று நினைத்தேன். அந்தப் பச்சைதானடா நம் தெரு.

போன வாரம் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆறு மாதத்தில் காலி செய்ய வேண்டுமாம். விமான நிலைய அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த பெண் அதிகாரி நல்லவள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "மத்த தெருவுல எல்லாம் கழிப்பறைதாம்மா கேட்டாங்க. உங்க தெருதான் ஒரு வீடு விடாம ஓடுபாதை கேட்டிருக்கீங்க" என்று படிவக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். முப்பத்தெட்டிலும் என் குண்டு எழுத்து. தெரியாமல் போட்டுவிட்டேன் என்றேன். கருத்துச் சொல்ல வேண்டிய தேதி முடிந்துவிட்டது என்றாள்.

எதிர்வீட்டுக்காரி தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். யாரும் திட்டவில்லை. திட்டினால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், என் வாய் உனக்குத் தெரியும். நேற்று அளவெடுக்க வந்தவர்கள் சமையலறைச் சுவரில் சிவப்புப் பெயின்டால் எண் போட்டுவிட்டுப் போனார்கள். அப்பா ஈரத்துணியை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். போகவில்லை. ஏன் அப்படிக் குறித்தாய் என்று இதுவரை அவர் என்னைக் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று ஏழு வருஷமாகிவிட்டது, வேலை அப்படி, புரிகிறது. ஆனால் பெரிய விமானத்துக்காகக் காத்திருக்காதே ராஜா. அது வந்து இறங்கப் போவதே நம் வீட்டின் மேல்தான். எத்தனை இடத்தில் மாற வேண்டியிருந்தாலும் சரி, இந்த ஆறு மாதத்துக்குள் ஒரு தடவை வந்து, உன் அறையில் இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போ.

எங்கிருந்தாலும் நன்றாயிரு.

உன் அம்மா