கழற்றக் கூடாத திருகு

புரட்டாசி 9, வியாழன்

வெயில். புரட்டாசியில் இப்படியா காயும்? மதுரைக்குப் போய் வந்தேன், துப்பாக்கியை ரிப்பேர் பார்க்க. திரும்பும்போது உசிலம்பட்டி வரை நின்றுகொண்டே வந்தேன். இடுப்பு விட்டுப் போயிற்று.

துணியில் சுற்றி மடியில் வைத்திருந்ததைப் பார்த்து கண்டக்டர், "என்னக்கா, மோட்டார் கொழாயா?" என்றான். ஆமாப்பா என்றேன். லைசென்ஸ் புத்தகத்தைக் காட்டினால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். பொம்பளை பேரில் துப்பாக்கி என்றால் இந்த ஊருக்கு இன்னும் சிரிப்புத்தான். மாமனார் சாகும் முன்பே என் பேருக்கு மாற்றிவிட்டார். மூத்த மகனுக்குச் சத்தம் ஆகாது, இளையவனுக்கு நிதானம் ஆகாது, நீயே வச்சுக்கோத்தா என்றார். மக்காச்சோளத்துக்கு வரும் பன்றியை விரட்ட வானத்தைப் பார்த்து ஒரு வெடி. என் வேட்டை அவ்வளவுதான்.

குழலைப் பூட்டுகிற நெம்புகோலில் ஒரு திருகு. ஒவ்வொரு வெடிக்கும் அதிர்ந்து அதிர்ந்து கழன்றுவிடுகிறது. கடைக்காரர் பழைய எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, மரையில் நீலப் பசை தடவி இறுக்கினார். திருகின் தலையிலிருந்து துப்பாக்கியின் உடம்பு வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு.

"இந்தக் கோடு கோணுச்சுன்னா சுடாதீங்கம்மா. கழட்டுனீங்கன்னா பசை போச்சு. அப்புறம் எவ்வளவு முறுக்குனாலும் நிக்காது. இங்கதான் கொண்டாரணும்."

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடமும் கொழுந்தன் பாண்டியிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். பாண்டியிடம் இரண்டாம் தரமும் சொன்னேன். எஸ்டேட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். திருகைக் கண்டால் கை சும்மா இருக்காது.

கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும். மறந்தே போகிறது.

புரட்டாசி 15, புதன்

ஆயுத பூசை. காலையில் தூறல், அப்புறம் வெளுத்துவிட்டது.

பொரி, கடலை, பூசணிக்காய் வாங்க போடிக்குப் போனேன். கதம்பம் விலையைக் கேட்டு வயிறு எரிந்தது. வருவதற்குள் அவரும் பாண்டியும் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அடுக்கியிருந்தார்கள். மோட்டார், மருந்தடிக்கிற மிஷின், அரிவாள், மண்வெட்டி, பாண்டியின் ஸ்பேனர் பை. நடுவில் துப்பாக்கி, மேலெல்லாம் சந்தனம், குங்குமம். நெம்புகோலில் பெரிய பொட்டு.

நன்றாகத்தான் இருந்தது. கும்பிட்டேன்.

புரட்டாசி 20, திங்கள்

ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன். வரி மேலே போகிறது.

சனிக்கிழமை பொழுது சாய பன்றிகள் இறங்கின. குட்டியும் தாயுமாக ஒரு கூட்டம். துப்பாக்கியை எடுத்தேன். கோட்டைப் பார்க்க நினைத்தேன். பொட்டு மறைத்துக்கொண்டிருந்தது. பூசைப் பொட்டைத் துடைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது, அதுவாகத்தான் உதிர வேண்டும். புதிதாகப் போட்ட பசைதானே என்று வானத்தைப் பார்த்துச் சுட்டேன். நெம்புகோல் விட்டுக்கொடுத்து, பூட்டு பிளந்து, நெருப்பும் புகையும் வலது கண்ணில்.

தேனி ஆஸ்பத்திரி. கன்னம் வெந்திருக்கிறது. கருவிழியில் கீறல். "கட்டைப் பிரிச்சாத்தாம்மா பார்வையப் பத்திச் சொல்ல முடியும்" என்றார் டாக்டர். துப்பாக்கி ஸ்டேஷனில். எடுத்துப் போகும் முன் போலீசுக்காரர் திருகுக் குழியைத் தடவி விரலைக் காட்டினார். வழவழவென்று எண்ணெய்.

எண்ணெய்! அப்படியானால் பாண்டி கழற்றியிருக்கிறான். பூசைக்குக் கழற்றி, எண்ணெயில் முக்கி, திரும்ப முறுக்கி, மேலே பொட்டும் வைத்திருக்கிறான். படித்துப் படித்துச் சொன்னேனே!

சோளம் பாதி போயிற்றாம். போகட்டும்.

புரட்டாசி 21, செவ்வாய்

பாண்டி ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தான், பெண்டாட்டியோடு, ஆரஞ்சுப் பழத்தோடு. பையை வாசலுக்கே வீசினேன்.

"கழட்டாதடான்னு எத்தன தடவ சொன்னேன்? என் கண்ணு போச்சுன்னா ஒன் கண்ணப் புடுங்கித் தருவியா? ஜீப்புல சக்கரத்த இப்பிடித்தான் மாட்டுவியா? மலை மேல ஏத்திட்டுப் போற பொம்பளைக உசுரு ஒனக்கு மசுரா?"

அவன் பெண்டாட்டி அழுதாள். அவன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். "சரி மதினி, நீங்க ஒறங்குங்க" என்று போய்விட்டான். பதில் சொல்ல வாய் இருந்தால்தானே? அவர் கட்டிலோரம் காபி டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஆறி ஆடை கட்டிவிட்டது. குடிக்கவில்லை.

கத்தியதில் கண் தெறிக்கிறது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

புரட்டாசி 23, வியாழன்

கட்டைப் பிரித்தார்கள். வெளிச்சம் தெரிகிறது. சுவரிலிருந்த பெரிய எழுத்து மட்டும் தெரிந்தது, மற்றதெல்லாம் புகை. தழும்பு நிற்கலாம், கொஞ்சம் மங்கல் நிரந்தரமாகவே இருக்கலாம் என்றார் டாக்டர். வீட்டில் ஊசியில் நூல் கோத்துப் பார்த்தேன். வரவில்லை. எறிந்துவிட்டேன்.

வருகிற வழியில், பஸ்ஸில், இனி பாண்டி நம் வாசப்படி மிதிக்கக் கூடாது என்றேன்.  பாதி வழியில் அவர் சொன்னார்.

"அவன் தொடல செல்வி. நாந்தான்."

"எதை?"

"அப்பா இருந்தவரைக்கும் ஆயுத பூசைக்கு எல்லாத் திருகையும் கழட்டி எலையில வச்சு, நல்லெண்ணெ தேச்சுத்தான மாட்டுவாரு. அவரு போயி மொதப் பூச. செய்யாம விடக்கூடாதுன்னு... கோட்டுக்குக் கோடு நேராத்தான் வச்சேன்."

கோட்டுக்குக் கோடு நேராக வைத்தாராம்! கோட்டிலா இருக்கிறது பிடிப்பு? ஐந்து நாள். ஐந்து நாளாக இதே வாயை மூடிக்கொண்டு, நான் தன் தம்பியை நாய் மாதிரி திட்டுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். சீட்டு மாறி உட்கார்ந்துகொண்டேன். போடி வரை முகம் கொடுக்கவில்லை. சொல்லி அழுதிருந்தால்கூட அன்றைக்கே மன்னித்திருப்பேன். அப்பா மேல் உள்ள பாசம் எனக்குப் புரியாதா?

பாண்டியிடம் போக வேண்டும். அவன் பெண்டாட்டி முன்னால் பேசியதை அவள் முன்னாலேயே திரும்ப வாங்க வேண்டும். நினைத்தாலே எரிச்சல்.

புரட்டாசி 24, வெள்ளி

மேகமூட்டம். மலை தெரியவில்லை. என் கண்ணா மேகமா என்று இரண்டு தரம் பார்த்தேன். மேகம்தான்.

பாண்டி வீட்டுக்குப் போனேன். ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தவன் எழுந்து வந்தான். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, "உள்ள வாங்க மதினி" என்றான். பெண்டாட்டி தண்ணீர் கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணன் சொல்லிருச்சுடா" என்றேன். "தெரியாம ஒன்ன..."

"விடுங்க மதினி. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"என்ன தெரியும்?"

"நா வரும்போதே அண்ணே திருகையெல்லாம் எலையில பரப்பி வச்சிருந்துச்சு. பசை வேணுமேண்ணே, மதினி சொன்னாங்களேன்னேன். நல்லா முறுக்கிட்டேன் போதும்டா, அவகிட்டச் சொல்லாத, கோவப்படுவான்னுச்சு. அண்ணே வார்த்தைய எப்பிடி மதினி மீறுறது? நீங்க வஞ்சப்பவும் அதான் பேசாம நின்னேன். அண்ணே பேரு கெட்ரக் கூடாதுல்ல."

பெருமையாகச் சொல்கிறான்! அவன் பெண்டாட்டிக்கும் இப்போது என்னை நிமிர்ந்து பார்க்க முடிந்தது, தன் புருஷன் எவ்வளவு நல்லவன் பார் என்கிற மாதிரி.

பூசையன்றே தெரியும். சனிக்கிழமை நான் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கியபோது வரப்பில் நின்றவன் இவன்தான். "பாத்து மதினி, முள்ளு கெடக்கு" என்று சொல்லத் தெரிந்தது.

கேட்க வந்த மன்னிப்பைக் கேட்கவில்லை. தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அண்ணனைத் தம்பி விட்டுக்கொடுக்கவில்லை. போனது என் கண்.

வாசலில் அவர் நிற்கிறார். "சாப்டியா?" என்கிறார்.