சின்னவளின் கண்ணும் நான் தேடிய சங்கமும்

அன்புள்ள பெரியவனுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எப்போதும்போல எழுதத்தான் பேனாவை எடுத்தேன், இந்த முறை அது பாதிப் பொய்யாகிவிடும். நீயும் மருமகளும் பேரனும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

உன் தங்கைக்குக் கண்ணில் நோய் என்று உறுதியாகிவிட்டது. பதறாதே, முழுக்கப் படி. போன மாதம் நம் தையல் கடையில் இஸ்திரி மேசையில் இடித்துக்கொண்டு, தைத்து முடித்த கோட்டும் கையுமாக விழுந்தாள். வாடிக்கையாளர் எதிரிலேயே, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கத்தினேன். அவள் கோட்டைத் தட்டி மாட்டிவிட்டு, முழங்காலில் ரத்தத்தோடு பித்தான் தைக்க உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்கிறவளுக்கு மேசை எப்படித் தெரியாமல் போகும் என்று அம்மாதான் கேட்டாள், மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போனோம். விழித்திரை ஓரத்திலிருந்து பழுதாகி வருகிறதாம். நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. மருந்து இல்லை என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நோயின் பெயரை அளவுச் சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு, விவரம் தெரிந்தவர்களைத் தேடி அலைந்தேன். பார்வையற்றோர் இல்லத்தில், "இன்னும் பார்க்கிறாங்களே, முழுசாப் போனப்புறம் வாங்க" என்றார்கள். இன்னோர் இடத்தில் கண்புரைக்கு மட்டும்தான் உதவியாம். கடைசியில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு போன் நம்பர் கொடுத்தார். சீட்டைப் பார்த்துத் திக்கித் திக்கிப் பெயரைப் படித்தேன். மறுமுனையில் ஓர் அம்மா, "எங்க சங்கமே அந்த நோய்க்குத்தாங்க, எனக்கும் அதுதான், பொறுமையாச் சொல்லுங்க" என்றார். நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டேன்டா.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கூட்டத்துக்கு மூவரும் போனோம். அங்கே ஒரு தட்டச்சு ஆசிரியர், அவருக்கும் இதே நோய், இரண்டு காகிதங்களைக் குழலாகச் சுருட்டி என் கண்களில் வைத்து நடக்கச் சொன்னார். நாலடி வைப்பதற்குள் நாற்காலியைத் தள்ளிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், சின்னவளும் சிரித்தாள், நான் நாற்காலியை நிமிர்த்தி அதிலேயே உட்கார்ந்துவிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க திட்டினதுகூடப் பரவாயில்லப்பா, நானும் என்னைத் தத்தின்னே நெனச்சிட்டேன்" என்றாள்.

நாலு வருஷத்துக்கு முன்பு நீ வந்திருந்தபோது அவள் தடுமாறி நடப்பதைப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பியதும் போன் செய்து, கண்ணைக் காட்டுங்கள், விவரம் தெரிந்தவர்களைத் தேடுங்கள் என்றாய். கல்யாணம் ஆகவேண்டிய பெண்ணைக் குருடி ஆக்காதே என்று போனை வைத்தேன். அன்றே காட்டியிருந்தாலும் நோய் நின்றிருக்காது என்று சங்கத்து அம்மா ஆறுதல் சொன்னார். நோய் நின்றிருக்காது, என் திட்டு நின்றிருக்குமே.

இப்போது வாரம் ஒருநாள் சங்கத்தில் கைத்தடியோடு நடக்கப் பழகுகிறாள். முதல் நாள் வெட்கப்பட்டாள், இப்போது என்னைத்தான் வழியைவிட்டு விலகச் சொல்கிறாள். இன்னொன்று, இது ரத்த உறவில் வரக்கூடியதாம். நீயும் பேரனும் கட்டாயம் கண்ணைக் காட்டிக்கொள்ளுங்கள், நாளை நாளை என்று தள்ளாதே. பிள்ளை எதிலாவது இடித்துக்கொண்டால் வாயைத் திறக்காதே, முதலில் தூக்கிவிடு.

நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும், அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள். பரிசோதனையில் என்ன வந்தாலும் எங்களிடம் மறைக்காமல் போன் செய். இந்த முறை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா