தொட்டிச் சுவரில் நுரை

என்னங்க,

'இதற்கும் திட்டு எனக்குத்தானா' என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் பிரஷ்ஷோடு தோட்டத்துக்குப் போனேன். "வாஷிங் மெஷின் தண்ணிய தொட்டியில ஊத்தினியா? நுரையப் பாரு! சாயங்காலம் ஜெபத்துக்கு ஆளுங்க வரதுக்குள்ள காலி பண்ணிக் கழுவிடு" என்று கிளம்பும்போது கத்தினீர்களே, அதற்காக.

அது சோப்பு நுரை இல்லை. சோப்பு நுரை இதற்குள் அடங்கியிருக்கும். இது தண்ணீருக்கு ஒரு சாண் மேலே உள்சுவரில் ஒட்டி, பால் ஆடை கட்டியதுபோல் காய்ந்திருக்கிறது. ஓரத்தில் வெளிர்மஞ்சள் முட்டைகள். எங்கள் ஸ்கூல் பயாலஜி டீச்சருக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். மரத்தவளையாம்! பின்னங்கால்களால் கடைந்து கடைந்து நுரை எழுப்பி, அதற்குள் முட்டையிடுமாம். வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருக்குமாம். பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் நேரே தண்ணீரில் விழும். எப்படி இடம் பார்த்திருக்கிறாள் அந்தத் தாய்த்தவளை! உங்கள் மேலிருந்த கோபத்தில் ஒரே இழுப்பில் தேய்த்திருப்பேன்.

கொசு வராமல் இருக்கப் பழைய கொசுவலையைத் தொட்டியின் மேல் கட்டியிருக்கிறேன். அவிழ்க்க வேண்டாம். வடைக்கு அரைத்த மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஸ்கூல் விட்டதும் நேரே வந்து சுடுகிறேன்.

பிளாரன்ஸ்

பி.கு.: பிளீச்சிங் பவுடரை ஒளித்து வைத்துவிட்டேன், தேடாதீர்கள்.

இன்னொன்று: ஜெபத்துக்கு நாற்காலிகளைத் தோட்டத்தில் வேண்டாம், வாசல் பக்கம் போட்டுவிடுங்கள். பாஸ்டர் கேட்டால் நுரைக்கூட்டை நானே காட்டுகிறேன். தொட்டியை நான் காலி செய்யப்போவதில்லை.