துவைத்து அனுப்பிய துணி

ஆம்பூர்,
12-8-1984

அன்புள்ள மகன் சத்தியநாதனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுத மனசு வரவில்லை. நீயும் மருமகளும் பேத்தியும் விசாகப்பட்டணத்தில் நல்லபடியாக இருக்க ஜெபிக்கிறேன்.

உன் கோபக் கடிதம் வந்தது. புது வெள்ளைத் துணியை ஒரு வாரம் உயரமான இடத்தில் கட்டி வைத்துத் தபாலில் அனுப்பச் சொன்னாய், பக்கத்து வீட்டு சுகரா பேகம் மாடியில் கட்டினேன். இன்னாக்கா, யாருக்குக் கொடி காட்டுற என்று அவள் சிரித்தாள். இறக்கிப் பார்த்தால் கரித்துணி மாதிரி இருந்தது. மகன் மழையையும் மேகத்தையும் ஆராயும் பெரிய ஆபீசில் இருக்கிறான், நாலு பேர் முன்னால் பிரித்தால் மானம் போகுமே என்று சோப்பு போட்டு, நீலத்தில் முக்கி, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து அனுப்பினேன். அழுக்குதான் வேண்டும், படிக்காத ஜனத்திடம் வேலை சொன்னது என் தப்பு என்று எழுதியிருக்கிறாய். உன்னைப் படிக்க வைத்தது அந்தப் படிக்காத ஜனம்தான்.

ஆடியில் மேல்காற்று நம் பக்கத்துப் புகையைக் கடலுக்குத் தள்ளுகிறது, அங்கே உப்புத் தூளோடு கலந்து மேகத்தில் ஏறுகிறது, புகை ஜாஸ்தியானால் துளியெல்லாம் பொடிப்பொடியாகி மழை விழாமல் மேகம் சும்மா வெள்ளையாக நிற்கும் என்று நீ எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தோல் பதனிடும் ஷாப்பு பாய்லரில் விறகும் வெட்டிப் போட்ட தோல் துண்டும் அள்ளிப் போட்டே வயசான மனிதர். என் புகை அவ்ளோ தூரம் போய்ட்டுதா என்று பெருமையாகக் கேட்டார். அதற்குள் இருமல் வந்துவிட்டது. மேகத்துக்கு என்ன கேடு என்று படகு ஏறிப் போய்ப் பார்க்கிறாய், அப்பாவுக்கு என்ன கேடு என்று ரயில் ஏறி வந்து பார்க்க உனக்கு நேரமில்லை. நுரையீரல் இரண்டும் போய்விட்டது, பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள் என்று வேலூர் டாக்டர் சொன்னதை இரண்டு கடிதத்தில் எழுதினேன். இரண்டுக்கும் நீ துணியைக் கேட்டுத்தான் பதில் போட்டாய்.

ஆகையால் இந்தக் கவரில் வேறு துணி வைத்திருக்கிறேன். மாடியில் கட்டியதில்லை, அப்பா நேற்று இருமித் துப்பின துண்டு. கறுப்பு நிறைய இருக்கிறது, நடுவில் சிவப்பும் இருக்கிறது. துவைக்கவில்லை. நாலு பேர் முன்னாலேயே பிரித்துப் பார். போதாது என்றால் சீக்கிரம் எழுது, அவர் இருக்கும்போதே இன்னொன்று அனுப்புகிறேன்.

அப்பா உனக்கு ஆசீர்வாதம் எழுதச் சொன்னார். கர்த்தர் உன்னை என்பதோடு மூச்சு வாங்கி நிறுத்திவிட்டார், காப்பாராக என்பதை நான் எழுதுகிறேன். படகில் போகும்போது தலைக்குத் துணி கட்டிக்கொள், உனக்குச் சீக்கிரம் சளி பிடிக்கும். கவரைப் பேத்தி கையில் படாமல் பிரி.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானசுந்தரி கிருபானந்தம்