சித்தப்பாவின் படையலுக்குக் கலப்புப் பெட்டி

நிதுஷன்,

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒன்று பிடித்தால் அதோடு நிற்கத் தெரியாது. சித்தப்பாவின் திவசப் படையலுக்கு அவன் வழக்கமாய்க் குடித்த பியர் வாங்கி வா என்றேன். நீ கிராஃப்ட் பியர் என்று பன்னிரண்டு விதம் கலந்த பெட்டியோடு வருகிறாய். ஒன்றில் மாம்பழம், இன்னொன்றில் கோப்பி. என் தம்பி எதையென்று குடிப்பான்? விற்காததையெல்லாம் கடைக்காரன் ஒன்றாய்க் கட்டித் தந்திருக்கிறான். நேற்று நான் உன்னைக் கத்தினது கத்தினதுதான்.

சோறு குக்கரில் இருக்கிறது. கத்தரிக்காய்க் கறியைப் படைக்கும்வரை தொடாதே. சித்தி வருமுன் பெட்டியைக் கீழே கெல்லர் அறையில் வைத்துப் பூட்டு. திறப்பு சப்பாத்துத் தட்டில்.

பி.கு: சித்தி இப்போதுதான் போன் எடுத்தா. பெட்டிக் கதையைச் சொன்னேன். "அண்ணை, சுவிஸ் வந்து டாவோஸ் ஹோட்டலில கோப்பை கழுவின காலத்தில மலிஞ்சதெண்டுதான் அவர் அதைக் குடிச்சவர். என்ன விருப்பமெண்டு அவரை ஆர் கேட்டது?" என்கிறா.

நான் கேட்கவில்லைத்தான். பெட்டியைப் பூட்டாதே, சித்தப்பாவின் படத்துக்கு முன்னால் வை.

என்றாலும் இந்த மாம்பழத்திலும் கோப்பியிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அவனுடைய பழைய பியரையும் வாங்கத்தான் போகிறேன்.

அப்பா