முகம் கேட்ட ஆப்

வெள்ளி, இஷா தொழுதபின்.

மீன் விக்கிற எங்கட ஆப்பைப் புதுப்பிச்சதில இருந்து புது ஆக்கள் யாருமே சேரல்ல. நேத்து முழுக்கக் கம்ப்யூட்டரைக் குடைஞ்சு பார்த்தேன், ஒரு பிழையும் இல்ல. இண்டைக்கு மதினிட்டக் கேட்டேன்.

"சேரக்கொள்ளயே முகத்தைப் படமெடுத்துப் போடச் சொல்லுது புள்ள. யாரு போடுவா?" எண்டா.

வீடுகளுக்கு மீன் கொண்டுபோய்க் குடுக்கிற நானாவுக்கு ஆளைத் தெரியட்டும் எண்டு நான்தான் அதைச் சேர்த்தேன். வாங்குறது முழுக்கப் பொம்பளைகள். நானும் முகம் மூடித்தான் வெளியில போறேன். ஆனா வீட்டுக்குள்ள இருந்து, திறந்த முகத்தோட சோதிச்சதால எனக்கு அது உறைக்கவே இல்ல! ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு முதல் மாத்திட்டேன்: விரும்பின படம் போடலாம், போடாமலும் விடலாம். பொழுதுபட்டு மஃரிபுக்குள்ள புது ஆக்கள் சேர்ந்து சேர்ந்து போன் ஓயாம அடிச்சுது. முதல்ல சேர்ந்த குறிஞ்சிப்பிட்டி ஊர்ப் பொம்பள தன்ட பூனைட படத்தைப் போட்டிருக்கா.

மீன் வாங்க அதைவிட நல்ல முகம் எங்க கிடைக்கும்!